தெரியாத பாதைக்கு ஒரு டயர்

மிதிவண்டியில் செல்பவருடைய கால்கள் தரையில் படுவதில்லை. அவருக்குப் பதிலாகத் தரையைத் தொட்டுக்கொண்டு செல்வது டயர். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் நம் முன்னோரின் அறிவுரை நடந்து சென்றவர்களுக்காகச் சொல்லப்பட்டது. சக்கரத்தின்மேல் செல்பவர்களுக்கு அதையே சொல்வதானால், ‘பாதை தெரியாமல் டயரை மாட்டாதே’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால், புதிய ஊருக்குப் புறப்படுகிறவருக்குப் பாதை எப்படித் தெரியும்? காணாத பாதைக்கு ஏற்ற டயரைக் காண்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறதே! இது மிகச் சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஐந்து பேருடைய உயிர் அந்த டயர்களின்மேல் உருளப்போகிறது என்னும்போது அது சிறிய கேள்வியாக இருப்பதில்லை.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் நால்வர் என்னிடம் வந்தனர். தஞ்சை மண்ணில் பிறந்து, வாய்க்கால் கரையையும் வயல் வரப்பையுமே பார்த்து வளர்ந்தவர்கள். மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஏறும் மேடுதான் அவர்கள் அறிந்த மேடு. அவர்களுக்கு மலை ஏற வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. திருச்சி, குளித்தலை, கரூர், தாராபுரம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாக வால்பாறைவரை மிதிவண்டியிலேயே செல்வது என்று திட்டம். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். கடைசிப் பகுதியில் ஆழியாறு அணையிலிருந்து மேலே ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கிளைப் பங்குகளுக்கு நெடுங்காலம் சைக்கிளிலேயே சென்று பழகியவன் நான். ஐம்பது வயதைக் கடந்த பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. எனவே என்னையும் அழைத்தனர். அன்னை மரியின் பிறப்பு விழா முடிந்த அடுத்த வாரம் திங்கட்கிழமை புறப்படுவது, சனிக்கிழமைக்குள் திரும்பிவிடுவது என்று முடிவாயிற்று.

அவர்களில் இளையவன் பத்தொன்பது வயதுப் பையன். நகலெடுக்கும் கடையொன்றில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய ரோடு பைக் ஒன்றை வாங்கியிருந்தான். அவனுடைய தாயார் ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார். “சாமி வர்றீங்கன்னுதான் அனுப்புறேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சொற்களுக்குப் பிறகு, எந்த டயர் என்ற கேள்வி என்னைப் பொறுத்தமட்டில் பொழுதுபோக்குப் பேச்சாக இருக்கவில்லை.

டயரைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினால் முதலில் வியப்பூட்டுவது அது தரையைத் தொடும் இடத்தின் சிறுமை. ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 54 கிலோ பின் சக்கரத்தின்மேல் இறங்குகிறது. டயருக்குள் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருக்குமானால், அந்த 54 கிலோவைத் தாங்கித் தரையோடு ஒட்டியிருக்கும் பரப்பு ஏறக்குறைய 11 சதுர சென்டிமீட்டர். பெரிய தபால்தலை ஒன்றின் அளவு. முன் சக்கரத்துக்கு இதைவிடவும் குறைவு. இரண்டையும் சேர்த்தாலும் உள்ளங்கையின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். மலை வளைவில் மழையில் இறங்கும் மனிதனைப் பூமியோடு பிணைத்து வைப்பது அந்த இரண்டு தபால்தலைகள்தான்.

அந்தச் சிறு இடத்தில் பூமியோடு உறவாடுவது உண்மையில் ரப்பரன்று; ரப்பருக்குள் அடைபட்ட காற்று. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இல் முதன்முதலாகக் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அது குதிரை வண்டிகளுக்கானது. நாளடைவில் உலகம் அதை மறந்துபோயிற்று. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அதை மீண்டும் கண்டுபிடித்து, 1888இல் காப்புரிமை பெற்றார். அதுவரை சைக்கிள்களில் இருந்தது கெட்டியான ரப்பர். உப்பிய புதுச் சக்கரத்தைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள். 1889இல் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹியூம் என்னும் வீரர் அதை மாட்டிக்கொண்டு வென்றபோது அந்தச் சிரிப்பு அடங்கியது. கெட்டியானது தோற்றது; விட்டுக்கொடுக்கத் தெரிந்தது வென்றது. ஒரு தந்தை தம் பிள்ளையின் உடம்பு குலுங்கக்கூடாதே என்று எண்ணியதிலிருந்து பிறந்த பொருள் இது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

ஆயினும் மனிதருக்கு இறுக்கத்தின்மேல் உள்ள மோகம் எளிதில் போவதில்லை. வெகுகாலம் ரோடு பைக் ஓட்டுபவர்களிடையே நிலவிய நம்பிக்கை இது: டயர் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு வேகம், காற்று எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம். 1990களில் பந்தய வீரர்கள் 23 மில்லிமீட்டர் அகலமோ அதற்கும் குறைவோ உள்ள டயர்களையே பூட்டினார்கள். கண்ணாடிபோல் வழுவழுப்பான தளத்தில் இறுக்கத்தைப் பற்றிய கணக்கு சரியே. உண்மையான சாலையில் சிறு கற்களும் சொரசொரப்பும் உண்டு. கல்லென இறுகிய டயர் ஒவ்வொரு பொடிக்கல்லின் மேலும் ஏறிக் குதிக்கிறது; அந்தக் குலுக்கலில் ஓட்டுபவரின் உழைப்பு வீணாகிறது. சற்றே இளகிய டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டு போகிறது. இதை உணர்ந்ததால்தான் 2010களில் பந்தய வீரர்களே 25க்கும், பிறகு 28க்கும் மாறினார்கள். நம் இளையவனுக்கோ வண்டியை விற்ற கடைக்காரர், “110 பி.எஸ்.ஐ. அடி, பறக்கும்” என்று சொல்லியிருந்தார். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது தாண்டக்கூடாத மேல் எல்லை. அவ்வளவு அடித்தே தீரவேண்டும் என்ற கட்டளையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் ஐவரும் பங்கு இல்லத் திண்ணையில் மூன்று மாலைகள் அமர்ந்து பேசினோம். பேசப் பேச, எல்லாம் மூன்று கேள்விகளில் வந்து நின்றன.

முதல் கேள்வி: நாம் எவ்வளவு பாரம்? ‘எந்த டயர் நல்லது?’ என்று கேட்பவர்கள் தங்கள் எடையைச் சொல்வதில்லை. ஐம்பத்தெட்டு கிலோ உள்ள ஒருவருக்கு மெத்தையாக இருக்கும் டயர், எண்பத்தைந்து கிலோ உள்ளவருக்குப் பள்ளத்தில் விழும்போது ரிம்மோடு நசுங்கிவிடும். அப்படி நசுங்கும்போது டியூபில் இணையாக இரண்டு ஓட்டைகள் விழும். பாம்பு கடித்ததுபோல் இருப்பதால் அதைப் பாம்புக் கடி என்றே சொல்வார்கள். எனவே பாரம் கூடினால் அகலமும் கூட வேண்டும். காற்றும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பின் சக்கரம் அதிகம் சுமப்பதால் அதற்குச் சற்று அதிகம், முன் சக்கரத்துக்குக் குறைவு. என் வண்டியின் 32 மில்லிமீட்டர் டயர்களுக்குப் பின்னால் 65, முன்னால் 50 என்று வைத்தோம். இதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அளவுமானி உள்ள பம்ப் ஒன்றை எங்களுள் ஒருவர் வைத்திருந்தது பெரிய உதவியாயிற்று.

ஒருவருக்கொருவர் எடையைச் சொல்லிக்கொண்ட மாலையில் ஒரே சிரிப்பு. எடை போடும் கருவியில் ஆளும் ஏறி, பையையும் ஏற்றிப் பார்த்தோம். ‘ஒன்றுமில்லை, இரண்டு சட்டைதான்’ என்று சொன்ன பையில் ஒன்பது கிலோ இருந்தது. மனிதர் தாம் சுமப்பதைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

இரண்டாம் கேள்வி: பாதையின் மிக மோசமான இடம் எது? முந்நூறு கிலோமீட்டரில் இருநூற்றெண்பது நல்ல தார்ச்சாலையாக இருக்கலாம். டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த இருநூற்றெண்பதுக்காக அன்று, எஞ்சிய இருபதுக்காக. நல்ல சாலையை எந்த டயரும் கடந்துவிடும். நல்ல சாலையில் கொஞ்சம் மெதுவாகப் போவதால் வரும் இழப்பு அரைமணி நேரம். கெட்ட சாலையில் டயர் கைவிட்டால் வரும் இழப்புக்கு அளவில்லை. நம்மவர்கள் ‘கரணம் தப்பினால் மரணம்’ என்று சொல்லிவைத்திருக்கிறார்களே!

அந்த மோசமான இடத்தைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அங்கே போய் வந்தவர்களைக் கேட்பது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பேருந்து ஓட்டுகின்ற ஒருவரை அப்பகுதியில் பணியாற்றும் குருவானவர் தொலைபேசியில் அறிமுகப்படுத்தினார். எங்கெங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எந்த வளைவுகளில் மண் சரிந்து சாலையில் கிடக்கும், எங்கே மரநிழலில் பாசியும் ஈர இலையும் படிந்திருக்கும் என்று வரிசையாகச் சொன்னார். முடிவில், “ஏறும்போது ஒண்ணும் பயமில்லீங்க சாமி. எறங்கையிலதானுங்க பார்த்து எறங்கோணும்” என்றார். எங்கள் பேச்சு அதுவரை ஏற்றத்தைப் பற்றியதாகவே இருந்தது. அன்றுமுதல் இறக்கத்தைப் பற்றியதாயிற்று.

நான் குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்னும் நான்கு தலையான புண்ணியங்களைப் பற்றிப் படித்தோம். புனித தாமஸ் அக்வினாஸ் விவேகத்துக்கு எட்டுக் கூறுகளை வகுத்திருக்கிறார். முன்னறிவு, சூழலை நோக்குதல், எச்சரிக்கை ஆகியவற்றோடு ‘தோசிலித்தாஸ்’ என்பதும் அவற்றுள் ஒன்று. பிறரிடமிருந்து கற்றுக்கொள்ள மனம் இசைதல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். செய்யக்கூடிய காரியங்கள் எண்ணற்ற வகையின. ஒரு மனிதன் தன் அறிவை மட்டும் கொண்டு அவை எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. ஆகவே விவேகமுள்ளவன் அனுபவசாலிகளைக் கேட்பான் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். அன்று அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். பேருந்து ஓட்டுநர் ஒருவர் வளைவு வளைவாகச் சாலையைச் சொல்லிக்கொண்டுவர, காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல்லின் உருவம் எனக்குத் தெரிந்தது.

இறக்கம் என்றதும் இளைஞர்கள் பட்டன் டயர் வேண்டும் என்றார்கள். டயரின் மேல் கட்டங்கட்டமாகப் புடைத்திருப்பதைத்தான் நம் ஊரில் பட்டன் என்கிறோம். மழையில் வழுக்காமல் இருக்க அது தேவை என்பது பொதுவான எண்ணம். மகிழுந்து அதிவேகத்தில் செல்லும்போது அதன் அகலமான டயர் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கத் தொடங்கும். நீரை வெளியேற்ற அதற்கு வரிப்பள்ளங்கள் தேவை. மிதிவண்டியின் குறுகிய, உருண்டையான டயர் நம்முடைய வேகத்தில் நீரைத் தானே விலக்கித் தரையைத் தொட்டுவிடும். சேற்றிலும் இளமண்ணிலும் பட்டனுக்குப் பயனுண்டு. ஈரத் தார்ச்சாலையில் வழுவழுப்பான டயரே தரையோடு அதிகம் ஒட்டுகிறது. ஆனால் சாலையில் தீட்டிய வெள்ளைக்கோடு, ஈர இலை, சிந்திய டீசல், இரும்பு மூடி ஆகியவற்றின்மேல் எந்த டயரும் நம்மைக் காப்பாற்றாது. அங்கே காப்பாற்றுவது வேகக்குறைவு ஒன்றே. விலை கொடுத்து வாங்க முடியாத பாதுகாப்பும் உண்டு என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

மூன்றாம் கேள்வி: வழியில் பழுதானால் யார் சரிசெய்வார்? இதைக் கேட்டவர் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைப் பெரியவர். ஊரார் அனைவருக்கும் அவர் பாய். எங்கள் கோயில் மணி அடித்தால் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறவர். எங்கள் வண்டிகளைப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி சாமி, இந்த டியூபு குளித்தலையில கெடைக்குமா?” என்றார்.

மிக நுட்பமான கேள்வி அது. நம் நாட்டுச் சாதாரண சைக்கிளின் டயர் 28 அங்குலம், ஒன்றரை. ரோடு பைக்கின் டயரையும் சில இடங்களில் 28 அங்குலம் என்றே குறிப்பதுண்டு. பெயர் ஒன்றானாலும் அளவு வேறு. டயரின் ஓரக்கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் நம் சைக்கிளில் 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கில் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டில் ஒன்று மற்றொன்றுக்குச் சேராது. எனவே டயர் வாங்கும்போது அங்குலத்தை நம்பாமல், பக்கச் சுவரில் 28-622 என்பதுபோல் உள்ள எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். டியூபிலும் சிக்கல் உண்டு. நாட்டு சைக்கிளில் உள்ளது வால்டியூப் மாட்டும் தடித்த வால்வு. ரோடு பைக்கில் பெரும்பாலும் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. அதற்கென்று ஆறரை மில்லிமீட்டரில் போட்ட ரிம் துளைக்குள் தடித்த வால்வு நுழையாது. காற்றடிக்கும் பம்பின் வாயும் பொருந்தாது. பக்கத்துக்கொரு சைக்கிள் கடை உள்ள தமிழ்நாட்டிலும், இந்த வண்டி அந்நிய நாட்டில் ஓடுவதுபோலத்தான்.

ஆகவே வேண்டியவற்றைக் கையோடு கொண்டுபோனோம். தலைக்கு இரண்டு டியூப், பொதுவாகச் சொல்யூஷனும் ஒட்டும் உப்புத்தாளும், டயர் கழற்றும் லீவர், இரண்டு பம்ப், வால்வுக்கு மாட்டும் சிறு பித்தளைத் திருகு, மடித்து வைக்கக்கூடிய 28 மில்லிமீட்டர் டயர் ஒன்று. 25 முதல் 32 வரையுள்ள அகலத்துக்கு ஒரே வகை டியூப் பொருந்தும் என்பதால் ஒருவருடையது மற்றவருக்கு உதவும். டியூப் இல்லாமல், உள்ளே பால்போன்ற பசையை ஊற்றும் புதுமுறையையும் ஒருவர் எடுத்துரைத்தார். முள் குத்திய சிறு துளையை அந்தப் பசை தானே அடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் நம் வெயிலில் சில மாதங்களில் அது உலர்ந்துபோகும். பெரிய கிழிசல் விழுந்தால் மீண்டும் டியூபையே தேட வேண்டும். எங்களில் எவருக்கும் பழக்கமில்லாத ஒன்றைப் பழக்கமில்லாத ஊரில் சோதிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பாய் எங்களுக்காக ஒரு பொருளைத் தந்தார். பழைய டயர் ஒன்றின் பக்கச் சுவரிலிருந்து விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரங்களைச் சீவி மெலிதாக்கிய ஒரு துண்டு. “டயரே கிழிஞ்சுபோச்சுன்னா உள்ளே வச்சு காத்தடிங்க. வீடு வந்து சேரலாம்” என்றார். காசு வாங்கவில்லை.

மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டு, மூவருக்கு 32, ஒருவருக்கு 28 என்று முடிவுசெய்து வாங்கிய பிறகு, இளையவனின் வண்டி மட்டும் எஞ்சியது. அது பந்தயத்துக்கென்று செய்த பழைய சட்டம். அதன் பிரேக்குக்குள் 25 மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் நுழையவில்லை. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்று, நான்கு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையேல் ஈரமண் அப்பிச் சக்கரம் நின்றுவிடும். புது வண்டி வாங்க அவனால் முடியாது. வேறு வண்டியை இரவல் வாங்கித் தரட்டுமா என்றால், தன் உழைப்பில் வாங்கிய வண்டியிலேயே போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. “நான் வரலைன்னு சொல்லிடுங்க சாமி” என்றுகூட ஒரு கட்டத்தில் சொன்னான்.

அகலத்தைக் கூட்ட முடியாதென்றால் என்ன செய்வது? முதல் கேள்விக்கே திரும்பினோம். அகலம் கூடாவிட்டால் பாரத்தைக் குறைக்கலாம். அவனுடைய ஒன்பது கிலோப் பையை மற்ற வண்டிகளில் ஏற்றிவிட்டால், அறுபது கிலோவுக்கும் குறைவான அந்தப் பையனை 25 மில்லிமீட்டர் டயர் தாராளமாகத் தாங்கும். பின்னால் 85, முன்னால் 70 என்று காற்று வைத்தால் போதும். இதைச் சொன்னதும் அவன் முகம் சிவந்தது. “என் சுமையை நானே தூக்கிக்குவேன்” என்றான். நால்வரில் பருத்த உடம்புக்காரர் எழுந்து வந்து பையைப் பிடுங்கிக்கொண்டு, “டேய், என் வெயிட்டுல இது ஒரு கணக்கா? குடுடா” என்றார். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்துவிட்டான். மூன்று மாலைகளாக டயரைப் பற்றி நாங்கள் பேசியவற்றில் மிகச் சிறந்த முடிவு டயரையே தொடாத அந்த முடிவுதான் என்று எனக்குத் தோன்றியது.

பயணம் நாங்கள் எண்ணியபடியும் எண்ணாதபடியும் அமைந்தது. தஞ்சைச் சாலைகளில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதிக்காமல் ஒதுங்கினால் ஓரத்து மணல். திருச்சியை நெருங்க நெருங்க அகன்ற நெடுஞ்சாலை. அதன் ஓரத்தில்தான் முதல் பஞ்சர். வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் மயிரிழைபோன்ற இரும்புக் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடுகிறது. டயரின் உள்புறத்தை விரலால் மெல்லத் தடவி அதைக் கண்டுபிடித்து எடுக்காமல் புது டியூபைப் போட்டால், அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். கரூரைத் தாண்டியதும் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும். நெருஞ்சி விழும்போதெல்லாம் ஒரு முள் மேல்நோக்கி நிற்குமாறு இறைவன் அதைப் படைத்திருக்கிறான்! தாவர நூலார் அதற்கு வைத்த ‘டிரிபுலஸ்’ என்னும் பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆதாம் பிழை செய்தபின் நிலம் முளைப்பிக்கும் என்று தொடக்கநூலில் சொல்லப்படும் முட்களுள் ஒன்றைக் கிரேக்க மொழிபெயர்ப்பு ‘திரிபொலோஸ்’ என்று அந்தச் சொல்லாலேயே குறிக்கிறது. தாராபுரம் சாலையோரத்தில் உட்கார்ந்து மூன்றாவது டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே இதைச் சொன்னேன். “அப்ப ஆதாமுக்கும் பஞ்சர்தான் சாமி” என்றார் ஒருவர்.

உடுமலையிலிருந்து பொள்ளாச்சிவரை எதிர்க்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே முகத்தில் அறையும் நாடு அது. காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுவே. அந்தக் காற்றில் ஒல்லி டயரும் அகல டயரும் ஒன்றே. ஒருவர் பின் ஒருவராகச் சென்று, முன்னால் செல்பவரை மாற்றிக்கொண்டே போவதுதான் வழி.

நான்காம் நாள் ஆழியாற்றிலிருந்து மலை ஏறினோம். ஒன்பதாம் வளைவிலுள்ள காட்சிமுனையில் நின்று கீழே அணையைப் பார்த்தோம். பாறைமேல் வரையாடு ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது. அந்தக் குளம்புகளைப் பார்த்தபோது, சறுக்கும் பாறையில் நிற்பதற்குத் தேவையான டயரை அது பிறவியிலேயே பெற்றிருப்பதாக நினைத்துக்கொண்டேன். மாலையில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, வால்பாறையை அடைந்தோம்.

மறுநாள் காலை மழையில் இறங்கினோம். புறப்படுமுன் எல்லா டயரிலும் ஐந்து பி.எஸ்.ஐ. குறைத்துவிட்டோம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறும். டயருக்குள் காற்றும் சூடேறி அழுத்தம் கூடும். ஆகவே பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டுவிட்டுப் பிடித்து, சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தோம். அப்படி நிற்பதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில்தான் இளையவனின் பின் டயர் கருங்கல் சில்லு ஒன்றின்மேல் ஏறியது. துப்பாக்கி வெடித்ததுபோல் ஓசை. வண்டி இருபுறமும் ஆடியது. வேகம் இல்லாததால் அவன் காலை ஊன்றி நின்றுவிட்டான். நாலடி தள்ளித் தடுப்புச் சுவர், அதற்கப்பால் மேகம்.

டயரின் பக்கச் சுவர் விரல் நகத்தளவு கிழிந்திருந்தது. நாங்கள் கொண்டுவந்த 28 மில்லிமீட்டர் உபரி டயர் அவன் வண்டியில் நுழையாது. பாய் தந்த துண்டை உள்ளே வைத்து, புது டியூபைப் போட்டு, அழுத்தம் குறைவாகக் காற்றடித்தோம். மழையில் இருபது நிமிட வேலை. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் கையும்தான். அதன்பின் ஆழியாறு வரையில் அவனை நடுவில் வைத்துக்கொண்டு, நடந்து போகிறவரைவிடச் சற்றே விரைவாக இறங்கினோம். கீழே வேன் காத்திருந்தது.

அந்த ஒன்பது கிலோப் பை அந்த நேரத்தில் அவன் வண்டியின் பின்சக்கரத்தின் மேல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட எனக்கு விருப்பமில்லை. வண்டி ஆடியபோது அதை அவனால் அடக்க முடிந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தெரியாத பாதைக்குச் சரியான டயர் எது என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் வண்டியில் நுழையக்கூடியதில் அகலமானது, தார்ச்சாலைக்கு வழுவழுப்பானது, உங்கள் எடைக்கேற்ற காற்று என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழு விடை அந்த மூன்று கேள்விகளில் இருக்கிறது. நம் பாரம் எவ்வளவு, பாதையின் மோசமான இடம் எது, அங்கே பழுதானால் என்ன செய்வோம் என்று கேட்டவர்களுக்குப் பாதை முற்றிலும் தெரியாததாக இருப்பதில்லை. அவற்றை ஒருவர் தனியாகக் கேட்டுக்கொள்வதைவிட, ஐவர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது. ஏனெனில், ஒருவருக்கு எட்டாத விடை மற்றொருவர் கையில் இருக்கக்கூடும். சில நேரங்களில் அது பழைய டயரின் ஒரு துண்டாகவும் இருக்கக்கூடும்.

நம் வீடுகளிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும், இப்படிச் சில நேரம் ஆசைக்கும், வெளியூர் புறப்பட்டுச் செல்கிறார்கள். வாசலில் நின்று ‘பார்த்துப் போ’ என்று சொல்கிறோம். அன்புள்ள சொல்தான். அதைச் சொல்வதற்கு முன், அவர்கள் வண்டியருகே ஒருமுறை குனியுங்கள். டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பையைக் கையில் தூக்கிப் பாருங்கள். அது கனமாக இருந்தால், உடன் செல்பவர்களில் யார் வண்டியில் இடமிருக்கிறது என்று கேளுங்கள்.